அப்பத்தாவின் திண்ணை: மதுரை மாவட்ட முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். விஆர் ஹெட்செட், அதாவது முகத்தில் மாட்டினால் வேறோர் இடத்தில் இருப்பதுபோலவே நாலாபக்கமும் காட்சி தெரியும் கருவி, வாங்கித் தருகிறோம் என்று யாராவது உங்கள் இல்லத்துக்கு வந்தால், சரி என்று தலையாட்டும் முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்க, பெற்றவர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கருவியால் ஆகக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. அந்தக் காரியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாமல் போய்விடுகிறோம் என்பதுதான் எங்கள் கவலை.

பெட்டியைத் திறந்ததும் கிடைப்பவை கடலடி மீன்கள், பனிமலை, ராட்டினம். முதல் நாள் எல்லோரும் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். மூன்றாவது வாரம் ஹெட்செட் அலுவலக பீரோவுக்குள் போய்விடும். உசிலம்பட்டிப் பக்கம் எழுபது வருஷம் வாழ்ந்துவிட்டு உங்களிடம் வந்து சேர்ந்த அப்பத்தாவுக்குப் பனிமலையில் என்ன இருக்கிறது? அவர் பார்க்க ஏங்குவது தன் வீட்டுத் திண்ணையை. தொழுவத்தில் இப்போது மாடு நிற்கிறதா, வாசலில் யார் கோலம் போடுகிறார்கள், துபாயில் பேரன் தங்கியிருக்கும் அறை எப்படி இருக்கிறது, அங்கே அவன் எதில் சோறு பொங்குகிறான் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் அவருக்கு.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: கருவிக்குச் செலவழிப்பதைவிட, ஒவ்வொரு பெரியவருக்கும் அவருடைய இடத்தையும் மனிதர்களையும் படம்பிடித்துக் கொண்டுவரும் வேலைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டும் ஓர் ஆளுக்கும் அதிகமாக ஒதுக்குங்கள். ஹெட்செட் ஒன்று போதும். படம் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். "சாப்ட்டியாம்மா", "சாப்ட்டேன்", "மாத்திரை போட்டியா", "போட்டேன்". இதற்கு மேல் பேச்சு நகராமல் இரண்டே நிமிடத்தில் முடிகிற அழைப்புகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இரு பக்கமும் அன்பு இருக்கிறது, பேச விஷயம்தான் இல்லை. கண்ணைச் சுற்றி வீடே நின்றால் விஷயம் தானாக வருகிறது: அந்த வேப்பமரத்தை யார் கழித்துவிட்டது, அடுப்படிச் சுவருக்கு எப்போது வெள்ளையடித்தீர்கள் என்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த தமாரா அஃபிஃபி குழுவினர், நினைவாற்றல் குறைந்த முதியவர்களையும் தொலைவில் வாழும் அவர்களுடைய குடும்பத்தாரையும் முதலில் தொலைபேசியிலும் பிறகு விஆரிலும் பேசவைத்துப் பார்த்தார்கள். விஆரில் பேசும்போது ஈடுபாடு கூடியதாகப் பதிவு செய்தார்கள். ஒரே ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு பெரிதாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

பேரனை நேரலையாகவே ஹெட்செட்டுக்குள் கொண்டுவர முடியாதா? குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். முடியும், ஆனால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஹெட்செட் பாட்டியின் முகத்தில் பாதியை மூடிவிடும். அந்தப் பக்கம் இருக்கும் மகன் அழைப்பதே அம்மாவின் கண்ணைப் பார்க்கத்தான், அதுவே தெரியாமல் போகும். இருவரும் ஹெட்செட் போட்டுச் சந்திக்கும் செயலிகளில் மனிதர்கள் பெரும்பாலும் கார்ட்டூன் பொம்மைகளாக வருவார்கள். மகனின் குரல் பொம்மையிலிருந்து வந்தால் மறதி உள்ளவர் மிரண்டுபோவார். மேலும், நாலாபக்கமும் சேர்த்து எடுத்த 360 டிகிரி காட்சியைத் தெளிவாக நேரலையில் அனுப்ப விநாடிக்கு 20, 25 மெகாபிட் அப்லோடு வேகம் விடாமல் கிடைக்க வேண்டும். பேரையூர்ப் பக்கத்து வீட்டில் மொபைல் சிக்னலை நம்பி அதில் இறங்க முடியாது. படம் நின்று நின்று வரும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

அதனால் இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்பே எடுத்து வைத்த 360 டிகிரி காட்சி ஹெட்செட்டில் 5 முதல் 8 நிமிடம். கழற்றியதும் அதே நாற்காலியில், எதிரே 43 அங்குல டிவியில், படத்தில் வந்த அதே மனிதர்களோடு சாதாரண வீடியோ அழைப்பு 15 நிமிடம். முதல் பாகம் பேச விஷயத்தைக் கொடுக்கிறது, இரண்டாவதில் பேச்சு நடக்கிறது. படத்தை மட்டும் காட்டிவிட்டு அழைப்பை நாளைக்குத் தள்ளினால், பாட்டி அன்று முழுவதும் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

படம்பிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னும் பின்னும் லென்ஸ் உள்ள 360 டிகிரி கேமரா வேண்டும். இன்ஸ்டா360 எக்ஸ்3 அளவில் ஒன்று இருந்தால் தாராளம், அதைவிட உயர்ந்தது இல்லாவிட்டால் குறையில்லை. கேமராவை மெல்லிய ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். உயரம் மிக முக்கியம். பெரியவர் எங்கே உட்கார்ந்திருந்தாரோ அங்கே, உட்கார்ந்தால் அவர் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். நாற்காலி என்றால் தரையிலிருந்து சுமார் 110 செ.மீ., திண்ணை என்றால் திண்ணைப் பரப்பிலிருந்து சுமார் 70 செ.மீ. நின்றபடி 160 செ.மீ. உயரத்தில் எடுத்த படத்தை உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்கு, யாரோ அந்தரத்தில் தூக்கிப் பிடித்ததுபோல இருக்கும். கீழே பார்த்ததும் நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொள்வார்.

வைத்த இடத்திலிருந்து கேமரா அசையக் கூடாது. வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கையில் ஏந்தி நடந்தால், கண் "நகர்கிறோம்" என்று சொல்லும், உள்காதின் சமநிலை உறுப்பு "இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்" என்று சொல்லும். இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். வாசல், திண்ணை, அடுப்படி, கொல்லை என நாலு இடத்தில் தனித்தனியாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம் எடுங்கள். இடையே இரண்டு விநாடி இருட்டு வைத்து ஒட்டினால் போதும்.

பேசுபவர் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காரட்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. 5.7கே எனப்படும் தரத்தில் எடுத்த படத்தில் முழு வட்டத்துக்கும் சேர்த்து 5,760 புள்ளிகள், அதாவது ஒரு டிகிரிக்கு 16. ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பவரின் முகத்துக்கு ஏறக்குறைய 100 புள்ளி அகலம் கிடைக்கும். மூன்று மீட்டருக்குப் போனால் 50தான். பார்வை மங்கியவருக்கு அந்த 50இல் மருமகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காக ஒரு மீட்டருக்குள் வந்துவிடவும் கூடாது. இரண்டு லென்ஸின் படமும் சேரும் கோடு முகத்தில் விழுந்தால் மூக்கு இரண்டாகப் பிளந்து தெரியும். முக்கியமான ஆட்கள் ஏதாவது ஒரு லென்ஸுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், கேமராவின் விலாப்பக்கத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். கழுத்து வலி உள்ளவர் முழுவட்டமும் திரும்ப மாட்டார் என்பதால் பார்க்க வேண்டியதெல்லாம் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. பின்னால் கோழி மேயலாம்.

எப்படிப் பேசுவது என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுங்கள். லென்ஸைப் பார்த்துப் பேச வேண்டும், கேமராக்காரரைப் பார்த்து அல்ல. முதலில் பெயரும் உறவும்: "அப்பத்தா, நான் உன் மூத்த மகன் வீட்டுப் பேத்தி." அடுத்து ஒரு கேள்வி: "கால் வலி எப்படி இருக்கு?" கேட்டுவிட்டுப் பத்து விநாடி லென்ஸைப் பார்த்தபடியே சும்மா இருக்க வேண்டும். இந்தப் பத்து விநாடியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாட்டி உண்மையாகவே பதில் சொல்வார். அவர் வாய் திறக்கும்போது படத்தில் இருப்பவர் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டால், தன் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்று முகம் வாடிவிடும். எடுக்கும்போது அந்த அமைதி அசட்டுத்தனமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்குக் கேமராவின் மைக்கை நம்ப வேண்டாம். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று இருக்கட்டும். மின்விசிறி, மிக்சி, டிவி மூன்றையும் நிறுத்துங்கள். வயதான காதுக்கு உச்சஸ்தாயி முதலில் குறையும் என்பதால் குழந்தைகளின் கீச்சுக்குரல் பிடிபடாது. கத்தச் சொல்லாதீர்கள், நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். சௌராஷ்டிரக் குடும்பம் என்றால் சௌராஷ்டிரத்திலேயே பேசட்டும். மறதி முற்றும்போது பின்னால் பழகிய மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் தங்குவது உண்டு.

இடத்தைப் பற்றியும் ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கே அனுமதி இல்லை, உள்ளே எடுக்கும் எண்ணமே வேண்டாம். அதிகாலையில் சித்திரை வீதியில் கோபுரம் தெரியும்படி, அங்கே பணியில் இருக்கும் காவலர்களிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரை சாயங்காலத்துக்கு நன்றாக இருக்கும்.

எடுத்துவந்த படத்தைப் பெரியவருக்குக் காட்டும் முன், குடும்பத்தில் ஒருவரும் இல்லத்தில் ஒருவரும் முழுவட்டத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாக வேண்டும். சாதாரண கேமராவில் நாம் காட்டியது மட்டும்தான் தெரியும். இதில் எல்லாமே தெரியும். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கும். தம்பி இறந்ததை அக்காவிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். குடும்பமே மறந்திருக்கும், ஆனால் கேமராவுக்குப் பின்பக்கச் சுவரில் அந்தப் படமும் அதன் கீழே எரியும் சிவப்பு விளக்கும் பளிச்சென்று இருக்கும். கொல்லையில் அண்ணன் தம்பிக்கு நடுவே புதிதாக எழும்பிய பாகச்சுவர், வெட்டிவிட்ட மாமரம், காலியான தொழுவம் எல்லாம் அப்படித்தான். மறைக்கச் சொல்லவில்லை. எதை, யார், எப்போது அவரிடம் சொல்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹெட்செட்டுக்குள் தனியாக இருக்கும்போது ஒருவருக்குச் சாவுச் செய்தி தெரியக் கூடாது.

கோப்பை அனுப்புவதில் வழக்கமாக ஒரு தவறு நடக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், படம் மங்கும், 360 டிகிரி என்ற குறிப்பும் அழிந்துவிடலாம். ஹெட்செட்டில் திறந்தால் இழுத்துப் பிடித்த தட்டைப் படமாகத் தெரியும். விநாடிக்கு 50 மெகாபிட் தரத்தில் 5 நிமிடப் படம் ஏறக்குறைய 1.9 ஜிபி வரும். 2 ஜிபிக்குள் இருந்தால் வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பலாம், கூடினால் கூகுள் டிரைவ். இல்லத்தில் அதை ஹெட்செட்டுக்குள்ளேயே ஏற்றிவைத்துவிடுங்கள். இணையத்திலிருந்து ஓடவிட்டால் பாதியில் சுற்றும் வட்டம் வரும்.

இனி இல்லத்துக்குள். மெட்டா குவெஸ்ட் 3எஸ் போன்ற, கணினி இல்லாமல் தனித்தியங்கும் ஹெட்செட் எடை அரை கிலோ, அவ்வளவும் முகத்தின் முன்னால் தொங்கும். கூட வரும் துணிப்பட்டை மெலிந்த கழுத்துக்கு ஆகாது. பின்னால் திருகுள்ள கெட்டிப் பட்டையாக மாற்றுங்கள், பின்பக்கம் பேட்டரி உள்ளது கிடைத்தால் எடை சமமாகும். நாற்காலி உயர்ந்த முதுகும் இரண்டு கையும் உள்ளதாக இருக்கட்டும், சக்கரம் வேண்டாம். சக்கர நாற்காலிக்காரர் என்றால் பிரேக் போட்டுவிட்டீர்களா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஹெட்செட்டை இயக்கும் கைக்கருவிகளைப் பெரியவரிடம் கொடுக்காதீர்கள், ஓடவிடுவதும் நிறுத்துவதும் உங்கள் ஆளின் வேலை.

அறையில் வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் கூடாது. கருவி தன் கேமராக்களால் சுவரைப் பார்த்துத்தான் தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. இருட்டிலும் எதுவும் இல்லாத வெள்ளைச் சுவரிலும் அது தடுமாறிப் படம் நழுவும். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டரும் இரண்டு படமும் மாட்டினால் சரியாகிவிடும். நிலைக்கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள். கழற்றிய ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. லென்ஸ் வழியாக வெயில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும், பிறகு திரையை மாற்றத்தான் வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய அறையில் கருவியே சூடேறி நின்றுபோகும், வியர்வையில் லென்ஸும் மங்கும். காலை பத்து மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் பார்ப்பது உங்கள் ஆளுக்கும் தெரிய வேண்டும், அதற்கு ஹெட்செட்டின் காட்சியை டிவிக்கோ டேப்லெட்டுக்கோ அனுப்பலாம். அது வேலை செய்யவில்லை என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டு இருக்கும், பெரும்பாலும் காரணம் அதுதான். ரூட்டர் அதே அறையில், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இருக்கட்டும். ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

யாருக்குப் போடக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒவ்வொருவரின் கோப்பிலும் எழுதிவையுங்கள். வலிப்பு வந்தவர், தலைசுற்றல் நோய் உள்ளவர், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்பவர் ஆகியோருக்கு வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இதய மருத்துவர் சம்மதித்தால்தான், ஏனெனில் கருவியில் காந்தமும் ரேடியோ அலையும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கிய ஊர் இது. கண்புரை அறுவை செய்துகொண்டவர் இல்லாத முதியோர் இல்லம் இங்கே அநேகமாக இருக்காது. பழைய அறுவை என்றால் தடையில்லை. அண்மையில் செய்துகொண்டவர்கள் கண் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்கட்டும். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் இல்லம் முழுவதுமே நிறுத்திவையுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு வெறும்வயிற்றிலும், யாருக்குமே சாப்பிட்ட கையோடும் வேண்டாம்.

போடும் விதம். நேராகத் தலையில் மாட்டாதீர்கள். முதலில் கருவியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். "இதுக்குள்ள நம்ம வீடு தெரியும் பாட்டி. வேணாம்னா கையத் தூக்குங்க, உடனே கழட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகு முன்பக்கத்தை முகத்தில் வைத்து, பின்பட்டையைக் கீழே இழுங்கள். கொண்டை போட்டவருக்குப் பட்டை கொண்டையின் மேல் உட்கார்ந்தால் கருவி முன்னால் சரிந்து படம் மங்கும், கொண்டைக்குக் கீழே பிடரியில் பதியவையுங்கள். மூக்குத்தி அழுத்துகிறதா என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் ஹியரிங் எய்ட் இருந்தால் பட்டை அதன்மேல் உரசிக் கீச்சிடும், ஒரு விரல் இடைவெளி விடுங்கள். படம் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருப்பதுபோல லென்ஸ் அமைந்திருப்பதால் படிக்கும் கண்ணாடி உதவாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடும் கண்ணாடி இருந்தால் அதைப் போட்டபடியே மாட்டுங்கள், கண்ணாடிக்கான இடைச்சட்டத்தைச் செருக மறக்க வேண்டாம்.

நெற்றியில் திருநீறு இருக்கும். அதன் துகள் லென்ஸில் விழுந்து துடைத்தால் கீறல் விழும், லென்ஸ் பிளாஸ்டிக்தான். ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். கழற்றியதும் நீங்களே திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டுங்கள். அழிக்க மனமில்லை என்றால் நெற்றிக்கு மெல்லிய துணிப்பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

ஹெட்செட் போட்டவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பேசாமல் தொட்டால் திடுக்கிடுவார். தொடும் முன் பெயர் சொல்லி அழையுங்கள். விருப்பப்பட்டால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் தடவை மூன்று நிமிடம், அடுத்த தடவை ஐந்து, எப்போதுமே பத்துக்கு மேல் வேண்டாம். குமட்டல் வரும் முன் கொட்டாவி வரும், மேலுதட்டில் வியர்வை அரும்பும், அடிக்கடி எச்சில் விழுங்குவார், பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாவார். இதில் ஒன்று தெரிந்தாலும் கேட்காமலே கழற்றுங்கள். "இன்னும் ரெண்டு நிமிஷந்தான்" என்று இழுத்தால் அவர் அடுத்த முறை வர மாட்டார். கழற்றியதும் எழுந்து நடக்கவிடாதீர்கள். கால் நிதானத்துக்கு வரப் பத்து, பதினைந்து நிமிடமாகும், அதற்குள் எழுந்தால் விழக்கூடும். வீடியோ அழைப்பை உட்கார்ந்தபடியே வைப்பதில் இந்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

அழுவார்கள். அழுகை எல்லாமே நிறுத்த வேண்டியது அல்ல. கண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தால் பேசவிடுங்கள், எழுந்து போக முயன்றால் கழற்றுங்கள். போடவே மாட்டேன் என்பவருக்கு அதே படத்தை டிவியில் ஓட்டி, அவர் சொல்லும் பக்கம் மவுஸால் திருப்பிக் காட்டுங்கள். வட்டம் கிடைக்காது, திண்ணை கிடைக்கும்.

ஒருவர் முடித்ததும் முகத்தில் படும் சிலிக்கான் உறையைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுங்கள். மூன்று உறை இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. தலையில் எண்ணெய் இருக்கும், பட்டையையும் துடைக்க வேண்டும். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் அதன் பூச்சு போய்விடும்.

நேரத்துக்கு வருவோம். ஏற்பாடு பத்து நிமிடம், படம் எட்டு, அழைப்பு பதினைந்து, துடைப்பது ஏழு: ஆளுக்கு நாற்பது நிமிடம். காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று பேர். வாரம் இரண்டு நாள் என்றால் முப்பது பேர் உள்ள இல்லத்தில் ஒருவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வாய்ப்பு. இதுதான் நடக்கக்கூடிய வேகம். பத்து ஹெட்செட் வந்தாலும், பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் என்றால் இந்தக் கணக்கு மாறாது. குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி ஓய்ந்துபோன அக்காவின் தலையில் இதையும் கட்டாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை அவருடைய டியூட்டி அட்டவணையிலேயே எழுதி, வேறு வேலையைக் கழித்துவிடுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடும், மாலை ஆறுக்கு மேல் எதுவும் வேண்டாம். காலை 10 மணி நமக்கு என்றால் துபாயில் 8.30, சிங்கப்பூரில் 12.30, வசதிதான். டொராண்டோ, நியூயார்க் பிள்ளைகளுக்கு நம் காலை 7 மணி, கோடையில் அங்கே முந்தின நாள் இரவு 9.30, குளிர்காலத்தில் 8.30. லண்டனுக்கு நம் மாலை 4 மணி சரி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலியை இல்லத்து டேப்லெட்டில் முதல் நாளே ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள். பாட்டி டிவி முன்னால் காத்திருக்கையில் பாஸ்வேர்டு தேடுவது கொடுமை.

நன்கொடையாளர்களுக்கும் இந்த மடலைக் காட்டுங்கள். ஒரு ஹெட்செட், கெட்டிப் பட்டை, மூன்று உறை, டிவி, ரூட்டர் யுபிஎஸ், இரண்டு இல்லங்கள் பகிர்ந்துகொள்ள ஒரு 360 டிகிரி கேமரா, ஓர் ஆண்டுக்கு ஃபைபர் இணைப்பு, ஓர் ஆளுக்குப் பகுதிநேரச் சம்பளம். இதைக் கேளுங்கள். ஹெட்செட் பழுதானால் யார் பார்ப்பது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பாட்டி ஹெட்செட்டோடு இருக்கும் படத்தை முகநூலில் போட வேண்டும் என்பது நிபந்தனையானால் பணிவாக மறுத்துவிடுங்கள். அழுகிற முகம் அவருடையது. எடுத்த படங்களை அந்தக் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். அண்டை வீட்டார் படத்தில் விழுந்திருந்தால் அவர்களையும் கேட்டாக வேண்டும்.

கட்டணம் பாக்கி என்பதற்காக ஒருவரின் முறையைத் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பின்போது பிள்ளைகள் பட்டா, பென்ஷன், கையெழுத்து என்று பேச்சை எடுத்தால், இந்த நேரம் அதற்கில்லை என்று உங்கள் ஆள் சொல்லட்டும். மிரட்டலாகத் தோன்றினால் குறித்துவைத்து 14567 முதியோர் உதவி எண்ணுக்கோ மாவட்டச் சமூகநல அலுவலருக்கோ தெரிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. "அதான் விஆர்ல பார்த்துக்கிறோமே" என்று நேரில் வருவதைக் குறைக்கும் குடும்பத்திடமும் நீங்கள்தான் பேச வேண்டும்.

யாருமே இல்லாதவரை இந்த ஏற்பாட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள். அவருக்கும் ஊர் உண்டு. செல்லூரில் தறி நெய்தவருக்கு ஒரு தறிக்கூடத்தைத் தறிச் சத்தத்தோடு எடுத்து வரலாம். மில் வேலை பார்த்து ஹார்விபட்டியில் குடியிருந்தவருக்கு அந்தத் தெருவைக் காலை ஏழு மணிக்கு எடுங்கள். டிவி அழைப்புக்குப் பழைய பக்கத்து வீட்டுக்காரரோ டீக்கடைக்காரரோ கிடைப்பார், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

தொடங்க நல்ல நாள் ஒன்று இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், பங்காளிகள் எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள். இரண்டு வாரம் முன்பே பாட்டியிடம் உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை "கோயில்" என்று சுருக்காமல் அப்படியே எழுதிக் குடும்பத்துக்கு அனுப்புங்கள்: எந்தப் புளியமரத்தடி, பொங்கல் பானையை எந்தப் பக்கம் வைப்பார்கள், அவர் வழக்கமாக எந்தக் கல்லில் உட்காருவார். அந்தக் கல்லின் மேல், 70 செ.மீ. உயரத்தில் கேமராவை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரைச் சுற்றுவட்டார முதியோர் இல்லங்களில் இந்தப் பணியைச் செய்துவருவோர்